மூடும் பட்டன் எங்கே, டெர்க்?

லிண்டன், வாஷிங்டன் மாநிலம்
2014 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை காலை

செல்வன் டெர்க் போஸ்ட்மாவுக்கு, பெரியப்பா ஹெஸல் போஸ்ட்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் நானும் பெரியம்மாவும் நலம். மந்தையை விற்றதுபோக மீதமிருக்கும் கிடேரிகளும் கன்றுகளும் நலம். மழை விட்டபாடில்லை, அது எப்போதும் போலத்தான். நீயும் அங்கே நலமாக இருக்கிறாய் என்றும், டப்பாவில் அடைத்ததைத் தின்று காலம் தள்ளாமல் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறாய் என்றும் நம்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன், நீ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

கிறிஸ்மஸுக்கு நீ எங்களுக்குக் கொடுத்த கம்ப்யூட்டரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதிலேயே எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். அதில் எழுதினால் எந்தக் கட்டத்தில் போய் நின்று யார் கண்ணில் படுமோ என்ற பயத்தில்தான் பேனாவை எடுத்தேன். அந்தத் திரையை வடிவமைத்த கூட்டத்தில் எங்கள் டெர்க்கும் ஒருவன் என்று பெரியம்மா தேவாலயத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நேராக உன் மேலதிகாரிக்கே எழுதியிருப்பேன். இப்போது எழுதினால் நம் குடும்பப் பெயர்தான் கெடும், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த வாசலைச் சொல்கிறேன். ஒரு வீடென்றால் வாசல் எங்கே என்று வந்தவனுக்குத் தெரிய வேண்டும். மாட்டுக்கொட்டகையில் நான் பால் கணக்கு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் இடது கீழ் மூலையில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் எல்லாம் அங்கிருந்து கிளம்பும், வேலை முடிந்தால் அங்கேயே வந்து அணைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு அந்த மூலைக்குப் போவேன். அந்த மூலையில் இப்போது ஒன்றுமில்லை. வெறும் இடம். ஏன் எடுத்தீர்கள் என்று நான் உன்னைக் கேட்டபோது, இனி அது தேவையில்லை பெரியப்பா, விரலாலேயே எல்லாம் செய்யலாம், திரையின் நான்கு ஓரத்திலும் எல்லாம் ஒளிந்திருக்கிறது என்றாய். ஒளித்து வைப்பது எதற்கு? நான் என்ன திருடனா? வலது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் கறுப்பாக ஒரு பட்டை சின்னங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இடது ஓரத்திலிருந்து இழுத்தால் நான் எப்போதோ பார்த்துவிட்டு விட்ட வானிலை மறுபடி வந்து நிற்கிறது. கீழிருந்து இழுத்தால் வேறொன்று. இதில் கம்ப்யூட்டரை அணைக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரியம்மாவும் நானும் ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்தோம், கடைசியில் அது தானாகத் தூங்கிவிட்டது.

சரி, விரல் என்றாயே, யாருடைய விரல்? ஐம்பது வருஷம் பால் கறந்த விரல் இது. தோல் காய்ந்து, வெடித்து, காய்ப்புக் காய்ப்பாக இருக்கிறது. நான் தொட்டால் உங்கள் திரை என்னை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. நானும் அமுக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், எச்சில் தொட்டுக்கூடப் பார்த்தேன். ஒருநாள் கொட்டகைக்கு எடுத்துப்போய் வைக்கோல் கட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினால், ஒரு கன்றுக்குட்டி மூக்கை நீட்டி முகர்ந்தது, அதற்குச் சட்டென்று எல்லாம் திறந்தது. பிறந்து மூன்று வாரமான கன்றுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கு இல்லை. அதோடு, நம் வீடுகளில் கண்ணாடி எதன் மேலும் விரல் படக்கூடாது என்று சொல்லித்தானே உன்னையும் வளர்த்தோம். ஜன்னலில் விரல் ரேகை தெரிந்தால் அந்த வீட்டுப் பொம்பளையைப் பற்றி இந்த ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாதா? அப்படி வளர்ந்த நீயே, எல்லோரும் வந்து கண்ணாடியைத் தடவுங்கள் என்று ஒன்றைச் செய்து விற்றிருக்கிறாய். உன் அம்மா உன்னைக் கண்டிக்காதது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம். பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, நீ அதில் செய்து வைத்திருக்கிற வேலை. வேண்டுமென்றே செய்தாயா, இல்லை உங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் இப்படித்தான் செய்து கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை.

உன் அப்பா யெல்லேவுக்கும் எனக்கும் ஒரே தாய் தகப்பன் என்பதை நான் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதும், அது யாரால் வந்தது என்பதும் உனக்குத் தெரியும். தெரியாததுபோல் நீ நடிப்பதால் மறுபடி எழுதுகிறேன். உன் தாத்தா நிலத்தைப் பிரித்தபோது இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வயல் அவன் பங்குக்குப் போனது. போகட்டும். அதிலிருந்த புல்லை அழித்து ராஸ்பெர்ரி போட்டான். போடட்டும். பழத்தைத் தின்ன மைனாக்கள் வருகின்றன என்று மண்டை அதிர வெடிக்கிற கேஸ் பீரங்கி ஒன்றை வாங்கி, அதன் வாயை என் கொட்டகையைப் பார்த்துத் திருப்பி வைத்தான் பார், அதைத்தான் போகட்டும் என்று விட முடியவில்லை. மைனாக்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டன. பழகாதவை என் பசுக்கள்தான். ஒவ்வொரு வெடிக்கும் பாலை உள்ளே இழுத்துக்கொண்டன. நான் வேலியோரம் போய் மரியாதையாகச் சொன்னேன். பசுக்களுக்குக் காதில் பஞ்சு வையேன் என்றான். நான் விஷயத்தைத் தேவாலய மூப்பர்கள் முன்னால் வைத்தேன். அவன் அடுத்த ஞாயிறே தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேவாலயத்துக்கு மாறிவிட்டான். அன்றிலிருந்து யார் முதலில் வாய் திறப்பது என்பதுதான் பாக்கி. போஸ்ட்மா குடும்பத்தில் முதலில் வாய் திறந்தவன் தோற்றவன். அந்த வயலில் நானும் அன்றிலிருந்து கால் வைத்ததில்லை, சாலையோடு சுற்றித்தான் போகிறேன்.

இப்படி நான் ஒழுங்காகக் காப்பாற்றி வந்த ஒன்றை நீ என்ன செய்தாய்? கம்ப்யூட்டர் உள்ளே போகவே ஒரு படத்தின் மேல் கோடு போட வேண்டும் என்று அமைத்துக் கொடுத்தாய். எண்களையும் எழுத்துகளையும் ஞாபகம் வைக்க வேண்டாம் பெரியப்பா, படம் என்றால் சுலபம் என்றாய். என்ன படம்? நானும் உன் அப்பாவும் அரைக்கால் சட்டையோடு கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். என் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போடணும். என் தலையிலிருந்து அவன் தலைக்கு ஒரு கோடு இழுக்கணும். அப்புறம் கன்றின் மூக்கைத் தொடணும். மூன்றும் சரியாக இருந்தால்தான் திறக்கும். வானிலை பார்க்க வேண்டுமா, அவன் தலைக்குக் கோடு போடு. வைக்கோல் விலை பார்க்க வேண்டுமா, அவன் தலைக்குக் கோடு போடு. கோடு அவன் காதோடு நின்றால் ஒத்துக்கொள்வதில்லை, நடுத்தலைக்குப் போக வேண்டும். நான் கோபத்தில் அவன் தலையைத் தாண்டி இழுத்தால் மறுபடி முயற்சி செய் என்கிறது. படத்தை மாற்றலாம் என்று போனால், மாற்றுவதற்கு முன்னால் பழைய படத்தில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உன் அப்பாவிடம் நான் போய் வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளே போனாலாவது நிம்மதி உண்டா? கலர் கலராகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தானாகப் புரண்டுகொண்டே இருக்கிறது, ஒரு கணம் சும்மா நிற்பதில்லை. அதில் ஒன்றில் உன் அப்பா. உன் அம்மா டிரீனா போடுகிற படங்களெல்லாம் அந்தக் கட்டத்தில் வந்து வந்து போகின்றன. அவன் டிராக்டர் மேல், அவன் தோட்டத்தில், அவன் தொப்பியோடு, தொப்பி இல்லாமல். ஒன்பது வருஷமாக அவன் எந்தச் சட்டை போடுகிறான் என்று தெரியாமல் நிம்மதியாக இருந்தேன். இப்போது காலைக் காப்பிக்கு முன்னாலேயே அவன் சட்டை எனக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தை எடுக்கலாம் என்று விரலை வைத்து அமுக்கினேன். பெரியதாக்கவா, சிறியதாக்கவா என்று கீழே ஏதோ கேட்டது. நான் தொட்டது ஒன்று, அது எடுத்துக்கொண்டது ஒன்று. அவன் முகம் இரண்டு மடங்கு பெரிதாகி, வானிலையையும் வைக்கோலையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, யெல்லே இளைச்சுட்டார்ங்க என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் நான் சொல்லவில்லை.

அந்தக் கட்டத்தில்தான் போன மாசம் வேறொரு படம் புரண்டு வந்தது. நடுவயலில் ஒரு பலகை. விற்பனைக்கு என்று எழுதியிருக்கிறது. கீழே உன் அம்மா எழுதியிருந்தது: அரிசோனாவில் வீடு பார்த்தாச்சு, மூட்டுக்கு வெயில் நல்லது, பெர்ரி அறுவடைக்கு முன்னாலேயே போய்விடுவோம், வயலை வீடு கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். நான் படித்து முடிப்பதற்குள் கட்டம் புரண்டு ஏதோ கேக் படத்தைக் காட்டியது. உன் தாத்தா உழுத வயல், அதைப் பற்றி எனக்குச் சொல்கிறதற்கு ஒரு மனுஷன் கிடையாது, கேக்குக்கு முன்னால் வருகிற ஒரு கட்டம். எனக்கு மூட்டுவலியின் மேல் கோபமில்லை. உன் அம்மா கஷ்டப்படுகிறாள், தெரியும். போவதானால் போகட்டும். கேட்கலாம்தான், ஆனால் கேட்டால் நான்தான் முதலில் பேசினதாக ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெரியம்மா எல்லாவற்றையும் துடைப்பாள். ஜன்னல், அடுப்பு, கதவுக் கைப்பிடி, என்னையும் ஒரு இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் துடைத்துவிடுவாள். சாப்பாட்டு மேசையின் கோடியில் நிறுத்தி வைத்திருந்த கம்ப்யூட்டரில் என் விரல் ரேகை, கன்றின் மூக்கு ரேகை எல்லாம் இருந்தது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். உங்கள் திரைக்குத் துடைப்பதும் விரலால் இழுப்பதும் ஒன்றுதானே? வலமிருந்து துடைத்தாள், பட்டை வந்தது. இடமிருந்து துடைத்தாள், வானிலை வந்தது. உன் அப்பா முகத்தின் மேல் ஏதோ கறை என்று அந்த இடத்தை மட்டும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவன் முகம் திரை முழுக்க விரிந்தது, அவனைக் கூப்பிடுகிற மணிச் சத்தம் கேட்டது. அவள் இதைத் தெரிந்து செய்தாளா என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவனுக்கு இந்த வீட்டில் ராத்திரிக்குச் சூப் கிடைக்காது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்காருகிறேன், எதிரே உன் அப்பா உட்கார்ந்திருக்கிறான். படமில்லை, ஆள், அவன் வீட்டு மேசையில், நீ அவனுக்கும் கொடுத்த இதே மாதிரிப் பெட்டிக்கு முன்னால். அவன் பக்கத்திலும் சூப். உன் அம்மா தேவாலயத்தில் ஞாயிறு காப்பிக்குக் கோப்பை அடுக்கப் போயிருந்தாளாம், தனியாக இருந்தான். அவனும் திகைத்துப் போய்க் கரண்டியைப் பிடித்தபடி பார்க்கிறான். நானும் பார்க்கிறேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூடிவிட்டுச் சாப்பிடலாம் என்று பார்த்தால் மூடுவதற்கு ஒன்றுமே இல்லை, டெர்க். மேல் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்குமே, காலம்காலமாக இருந்ததே, அது இல்லை. திரையில் சட்டமில்லை, முழுக்க அவன். நான் நாலு ஓரத்தையும் தடவினேன். திரை என் விரலைக் கண்டுகொள்ளவில்லை. அவனும் அந்தப் பக்கம் தடவுகிறான், அவன் உள்ளங்கை பெரிதாக வந்து வந்து போகிறது. ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரியில் ஓடுகிறதாம், அசையவில்லை. பக்கவாட்டில் இருக்கிற பட்டனை வேலை நடுவில் அமுக்கினால் உள்ளே இருக்கிறதெல்லாம் போய்விடும் என்று நீ கிறிஸ்மஸ் அன்று பயமுறுத்தி வைத்திருந்தாய், அதைத் தொடவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரை அப்படியே மேசை மேல் குப்புறக் கவிழ்த்தேன்.

பெரியம்மா சூப் சட்டியோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். "என்னங்க இது. சாப்பாட்டு நேரத்துல மேசைக்கு வந்தவரைக் குப்புறப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"அவன் வரல. நீதான் துடைச்சே."

"வந்துட்டாருல்ல. நிமிர்த்துங்க."

நிமிர்த்தினேன். எனக்கு ஆத்திரம். "இந்தச் சனியனை எப்படித்தான் மூடறது?" என்றேன். பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன், இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். திரையைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தான்.

"உன் நெத்தி மட்டுந்தான் தெரியுது. கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காரு."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. ஆக, முதலில் பேசியது அவன். ஆனால் அவன் அப்படி ஒத்துக்கொள்வதில்லை. நான்தான் முதலில் மூடறது எப்படி என்று கேட்டேனாம், அவன் வெறுமனே பதில் சொன்னானாம். பெரியம்மாவிடம் கேட்ட கேள்வி அவனிடம் கேட்டதாக எப்படி ஆகும்? நெற்றியைப் பற்றிச் சொன்னது மூடுவதற்கு எப்படிப் பதிலாகும்? நீ படித்தவன், நீயே சொல்.

ஜெபம் செய்துவிட்டால் முடிவு ஜெபம் வரை மேசையை விட்டு யாரும் எழக்கூடாது என்பது உன் தாத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம். பெரியம்மா கண்ணை மூடினாள், நான் மூடினேன், ஓரக்கண்ணால் பார்த்தால் அவனும் மூடியிருக்கிறான். இனி அவனும் எழ முடியாது. அவன் சூப்பை அவன் குடித்தான், என் சூப்பை நான் குடித்தேன். அவன் இன்னமும் உறிஞ்சித்தான் குடிக்கிறான். சாப்பிட்டு முடித்ததும் நான் வேதத்தை எடுத்தேன். வரிசைப்படி அன்றைக்கு வந்த அதிகாரம் முழுக்கப் பெயர்கள், இன்னாருக்குப் பிறந்த இன்னார், அவன் குடும்பத்தில் இத்தனை பேர் என்று. வாசித்து முடித்துவிட்டு மூடினேன்.

"ஒரு குடும்பத்தை நீ விட்டுட்டே அண்ணே" என்றான்.

"விடல."

"விட்டுட்டே. நடுவுல ஒரு வரி தாண்டிட்டே. நீ சின்ன வயசுலயும் அப்படித்தான். எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். இருந்தது. நான் அதையும் வாசித்தேன், சத்தமாக, அவனுக்குக் கேட்கிற மாதிரி. அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பெரியம்மா தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள், உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு அது பேட்டரி செத்த பிறகுதான் மூடியது. அதுவரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் பேசினது, பீரங்கியின் வாய் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது, தாத்தா ஒரு காலத்தில் பழுப்புப் பசு ஒன்றை எந்தச் சந்தையில் வாங்கினார் என்று வாக்குவாதம். தொண்டை கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் தொடுவது வேலை செய்ததாகுமா ஆகாதா என்று எனக்குச் சந்தேகம், தொடவில்லை. அவனுக்கு அந்தச் சந்தேகம் வராது என்று நினைத்தேன், அவனும் தொடவில்லை. நேற்று, திங்கட்கிழமை, சாப்பாட்டுக்கு உட்காருகிறோம், தானாக மணி அடிக்கிறது. தாத்தா பசு வாங்கின சந்தை நான் சொன்னதுதான் சரியாம், பழைய படம் ஒன்று பார்த்தானாம், ஒத்துக்கொள்வதற்குக் கூப்பிட்டானாம். ஒத்துக்கொண்டுவிட்டு உடனே போக வேண்டியதுதானே? போக முடியவில்லை. அவனுக்கும் மூடத் தெரியாது. மறுபடி பேட்டரி சாகும்வரை.

நடுவில் உனக்குப் போன் செய்தேன். மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்க பெரியப்பா, திரைச்சீலையை இழுக்கிற மாதிரி, மூடிடும் என்றாய். இழுத்தேன். என் விரலுக்கு அது பாதி வழி வந்துவிட்டு மறுபடி மேலே போய்விட்டது. உன் அப்பா சின்னதாகி, மறுபடி பெரிதாகி, என்ன பண்றே என்று கேட்டான். மனுஷன் மூடுகிற ஒன்றை ஏன் கண்ணுக்குத் தெரியாமல் வைத்தீர்கள்? அழகுக்கா? கதவில் தாழ்ப்பாள் இருந்தால் கதவு அசிங்கமா? தொடங்க ஒரு பட்டன், முடிக்க ஒரு பட்டன், இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? இரண்டு பேர் கோபமாக இருந்தால் கோபமாக இருக்க அவர்களுக்கு உரிமை இல்லையா? போனில் பேசினால் வைத்துவிடலாம். வேலியோரம் பேசினால் திரும்பி நடக்கலாம். உங்கள் பெட்டியில் மட்டும்தான் எழுந்து போக வழியில்லை. இவ்வளவு பேசியும் அந்தப் பலகையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லாததையே சுற்றிச் சுற்றி வந்தோம், அதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே, உன் பெரியப்பா என்ற முறையிலும் காசு கொடுத்து வாங்காவிட்டாலும் உபயோகிப்பவன் என்ற முறையிலும் நான் கேட்பது ஒன்றுதான். திரையின் மூலையில், காய்ப்பு விரலுக்கும் தெரிகிற மாதிரி, மூடுவதற்கு ஒரு பட்டன் வையுங்கள். அதை வைக்க மனமில்லையென்றால் வருகிற வாரம் வந்து இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. கொட்டகையில் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது, எனக்கு அது போதும்.

கோபத்தில் எழுதியிருந்தாலும் உன் மேல் எங்களுக்குள்ள பிரியம் அப்படியேதான் இருக்கிறது. நீ செய்கிற வேலையெல்லாம் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும், இந்த ஒரு வேலையை மட்டும் அவர் திருத்தட்டும். உன் அம்மாவிடம் மூட்டுக்கு நாங்கள் விசாரித்ததாகச் சொல். உன் அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பெரியம்மா உனக்குப் பாதாம் பலகாரம் கட்டி வைத்திருக்கிறாள், பெட்டியை எடுக்க வரும்போது வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
ஹெஸல் போஸ்ட்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டி, வாசல் தபால் பெட்டியில் போட்டு, எடுத்துப்போக ஒன்று இருக்கிறது என்று நாளைக்கு வருகிற தபால்காரருக்குத் தெரிய அதன் கொடியையும் தூக்கி வைத்துவிட்டு வந்தவன், மறுபடி போய் எடுத்துப் பிரித்து இதை எழுதுகிறேன். மத்தியானம் பெட்டி தானாக அணைந்தது. அணைக்காதே, வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் புள்ளிகளைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால் மேல் மூலையில் பெருக்கல் குறி. இடது கீழ் மூலையில் பழைய பட்டன்கூட வந்திருக்கிறது. கடிதம் இங்கிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே உங்கள் ஆட்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு, உன்னைப் புகழ்ந்து எழுத நினைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு யெல்லே கூப்பிட்டான். இன்றைக்கு நான் தீர்மானம் செய்துவிட்டேன். தோற்றாலும் பரவாயில்லை, நானே அந்தப் பலகைப் பேச்சை எடுத்துவிடலாம் என்று. "இங்க பாரு யெல்லே, நீ அரிசோனா போறதுன்னா தாராளமா போ. உன்னை யாரும் இங்க கட்டிப்போட்டு வெக்கல" என்றேன். அடுத்த வாக்கியம் கஷ்டமானது, அதற்காக மூச்சை இழுத்தேன். அதற்குள் அவன் முகம் சிவந்தது, கை நீண்டது, அவன் இல்லை. அவன் பெட்டிக்கும் அந்தக் குறி வந்திருக்கிறது, டெர்க். அவன் பெர்ரி பறித்த விரல், மெத்தென்று இருக்கும், தொட்டதும் கேட்கும். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் எடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது முழுக்க இது: நீ அரிசோனா போறதுன்னா தாராளமா போ, உன்னை யாரும் இங்க கட்டிப்போட்டு வெக்கல, ஆனா நீ போயிட்டா எனக்குன்னு இங்க யாரு இருக்கா, போகாதே. இதில் முதல் பாதியைத்தான் அவன் கேட்டான். ஒன்பது வருஷம் கழித்து இந்தப் பாதியை மட்டும் கேட்டுவிட்டு என் தம்பி அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் குறியை உடனே எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் எடுக்க முடியாவிட்டால் எங்கள் இரண்டு பெட்டியிலிருந்தாவது எடுங்கள். பெட்டியை எடுத்துப் போக நீ வர வேண்டாம், பலகாரத்துக்கு மட்டும் வா. இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்து, நீ போய்ச் சொல்லி, உங்கள் ஆட்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் அறுவடையே வந்துவிடும், அதுவும் தெரிகிறது. பெரியம்மா என் பூட்ஸை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுதினது போதும், கிளம்புங்க என்கிறாள். சாலையோடு சுற்றிப் போனால் அவன் விளக்கை அணைத்துவிடுவான். வயலுக்குள்ளேயே நடந்து போகிறேன்.